மதுரை சுல்தான்கள்: மூன்று ஆண்டுகளை ஒன்றாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மதுரை சுல்தான்களைப் பற்றி வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை வாசித்தேன். பாண்டியருக்கும் நாயக்கருக்கும் நடுவில் மதுரையில் என்ன நடந்தது என்பதைப் பெரும்பாலும் சில வரிகளில் தாண்டிப் போய்விடுவார்கள். அதற்கு ஒரு பக்கம் கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் கட்டுரையின் அடித்தளமே சரியாக இல்லை. "1311-ல் மாலிக் காபூர் நிறுவிய சுல்தானகம் 60 ஆண்டு தமிழகம் முழுவதையும் ஆண்டது, 1371-ல் விஜயநகர இளவரசர் குமார கம்பணன் கடைசி சுல்தான் சிக்கந்தர் ஷாவைக் கொன்றதோடு முடிந்தது, தமிழகத்தில் இஸ்லாம் கால் பதித்ததும் அப்போதுதான்" என்பதே அதன் சாரம். இந்த ஒரு சாரத்துக்குள் நான்கு பிழைகள் இருக்கின்றன. இந்த வரலாற்றை வைத்து இன்றும் ஊருக்குள் மனக்கசப்பு வளர்கிறது. அதனால்தான் கடிதம் நீண்டாலும் பரவாயில்லை என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் 1311. மாறவர்மன் குலசேகர பாண்டியன் இறந்ததும் அவருடைய மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்கு அடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அலாவுதீன் கல்ஜியின் தளபதி மாலிக் காபூர் ஹொய்சளரின் துவாரசமுத்திரத்தில் இருந்தார். மார்ச் மாதம் அங்கிருந்து கிளம்பி, ஏப்ரல் 10 வாக்கில் மதுரையை அடைந்து, அதே மாதக் கடைசியில் திரும்பிவிட்டார். அக்டோபரில் தில்லி போய்ச் சேர்ந்தார். மதுரையில் அவர் இருந்தது ஏறத்தாழ இரண்டு வாரம். கொண்டுபோனது 512 யானை, 5,000 குதிரை என்று தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ கணக்குச் சொல்கிறார். தில்லி வரலாற்றாசிரியர் பரணி யானையை 612 ஆக்குகிறார். ஆளுநர் ஒருவரை இங்கே அமர்த்தியதாக, வரி வசூலுக்கு ஆள் வைத்ததாக, அந்தப் படையெடுப்பை விரிவாக எழுதிய அமீர் குஸ்ரோவிடம் ஒரு வரி கிடையாது. அது கொள்ளைப் படையெடுப்பு. அரசு நிறுவும் வேலை அன்று நடக்கவில்லை.

அதற்குப் பிந்திய சில ஆண்டுகளைப் பார்த்தாலே இது விளங்கும். தென்கேரளத்து வேணாட்டு மன்னர் ரவிவர்மன் குலசேகரன் வடக்கே காஞ்சிவரை வந்தார். அவருடைய கல்வெட்டு காஞ்சிபுரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் இருக்கிறது. 1316-ல் வாரங்கலை ஆண்ட காகதீயரின் தளபதி முப்பிடி நாயக்கன் காஞ்சியைப் பிடித்தார். தில்லியின் கை இங்கே இருந்திருந்தால், ஒரு சேர நாட்டு மன்னர் தமிழகத்தை நீளவாக்கில் கடந்துபோக முடியுமா? 1318-ல் குஸ்ரு கான் மறுபடி வந்தார். மழையில் மாட்டிக்கொண்டு, தில்லியிலிருந்து அழைப்பு வரவும் திரும்பிப் போனார். அப்போதும் ஆட்சி ஏற்படவில்லை.

ஆட்சி ஏற்பட்டது 1323-ல். பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று அறியப்பட்ட உலுக் கான் வாரங்கலை வீழ்த்திய கையோடு தெற்கே படையை இறக்கினார். ஸ்ரீரங்கத்தார் இன்றும் மறக்காத படையெடுப்பு அதுதான். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போனதாகக் கோயில் மரபு சொல்லும் நிகழ்வும் இதைச் சேர்ந்ததே, 1311-ஐச் சேர்ந்ததல்ல. இதற்குப் பிறகு 'மாபார்' தில்லியின் ஒரு மாகாணமாயிற்று. மாபார் என்பது அரபு வணிகர்கள் சோழமண்டலக் கரைக்கு வைத்த பெயர். கடந்துபோகும் இடம், துறை என்று பொருள்.

1311, 1323-க்கு அடுத்த மூன்றாவது ஆண்டான 1334-35தான் சுல்தானகத்தின் பிறப்பு. மாகாண ஆளுநராக இருந்தவர் ஜலாலுதீன் அஹ்சன். தில்லியிலிருந்து மாபாருக்கு ஆறு மாத நடை என்று மொராக்கோவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதா எழுதுகிறார். இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஆளுநருக்குத் தன் பெயரில் காசு அடிக்க ஆசை வந்தால் தடுப்பார் யார்? முகமது பின் துக்ளக் பெயர் போய், அஹ்சன் ஷா என்ற பெயர் காசில் ஏறியது ஹிஜ்ரி 735-ஐ ஒட்டி. 1335 தொடக்கத்தில் துக்ளக் நேரே படையோடு கிளம்பினார். வாரங்கலுக்கு மேல் வர முடியவில்லை. முகாமில் கொள்ளைநோய் பரவிப் படை பாதியாய்க் கரைந்தது; அவரே நோயில் விழுந்து தௌலதாபாதுக்குத் திரும்பினார். தில்லி அரசவையில் வேலை பார்த்த அஹ்சனின் மகன் இப்ராகிமைக் கொன்றதோடு தில்லியின் பதிலடி முடிந்தது. இன்னொரு படை வரவே இல்லை. ஒரு தளபதி வென்று நிறுவிய அரசு அல்ல இது. ஒரு அதிகாரி பிய்த்துக்கொண்ட மாகாணம். அதன் பலமும் பலவீனமும் இந்தப் பிறப்பிலேயே இருக்கின்றன.

ஹிஜ்ரி ஆண்டை மாற்றும்போதுதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள் என்பதால் அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹிஜ்ரி சந்திர ஆண்டு. 354 அல்லது 355 நாள். சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால் இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒன்று வீதம் குறைந்துகொண்டே வரும். ஹிஜ்ரி தொடங்கிய ஆண்டான 622-ஐ அப்படியே கூட்டினால் 735 என்பது 1357 ஆகிவிடும். இன்றைய வித்தியாசமான 579-ஐக் கூட்டினால் 1314 ஆகிவிடும். இரண்டும் தப்பு. ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஓராண்டு முன்பின்னாகச் சரியான விடை வரும். 0.970224-ஆல் பெருக்கி 621.57-ஐக் கூட்டினால் மாதமே தெரியும்: 735-க்கு 1334.68, அதாவது 1334 செப்டம்பர். அன்றிலிருந்து 1335 ஆகஸ்டு வரை ஓடியது ஹிஜ்ரி 735. ஆகவே ஒரே ஹிஜ்ரி ஆண்டை இரண்டு ஆங்கில ஆண்டுகளாக எழுதுவதுதான் முறை. '1334-35' என்று புத்தகங்களில் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். ஆசிரியர்கள் தடுமாறியதால் அல்ல.

அடுத்தது அரசின் உள்நிலை. கட்டுரை இதைப் "பொற்காலமா இருண்ட காலமா" என்று கேட்டு நிறுத்திவிட்டது. நடந்ததை மட்டும் பார்ப்போம். அஹ்சன் ஷா ஐந்தாண்டு ஆண்டு, தன் ஆளாலேயே கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த அலாவுதீன் உதவ்ஜி முதலாண்டில் நிறையக் கொள்ளையோடு திரும்பினார். அடுத்த ஆண்டுப் போரில் வென்று முடித்த நேரம், தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தை உயர்த்தினார். எங்கிருந்தோ வந்த அம்பு ஒன்று உயிரைக் குடித்தது. அவர் மருமகன் குத்புதீன் 40 நாள் சுல்தான், அவரையும் கொன்றார்கள். பிறகு வந்தவர் கியாசுதீன் தாம்கானி. முன்பு தில்லியில் ஒரு பிரபுவின் கீழ் சாதாரணக் குதிரை வீரராக இருந்தவர். அஹ்சன் ஷாவின் ஒரு மகளை மணந்ததுதான் அவருக்கு அரியணையில் இருந்த உரிமை. இன்னொரு மகளைத் தில்லியில் மணந்திருந்தவர் இப்னு பதூதா. இந்த உறவு இருந்ததால்தான் 1344 வாக்கில், இலங்கையிலிருந்து வந்த கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவரைச் சுல்தான் தன் முகாமுக்கே அழைத்துக்கொண்டார். நமக்கும் கண்ணால் கண்ட ஒரு சாட்சி கிடைத்தது.

அந்தச் சாட்சி சொல்லும் இரண்டு காட்சிகளைக் கட்டுரை தொடவே இல்லை. இந்த அரசு எப்படி இயங்கியது, ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு அவற்றைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஒன்று, முகாம். சுல்தானின் படையில் குதிரைக்காரனானாலும் காலாளானாலும் ஒவ்வொருவன் கையிலும் கோடரி உண்டு. முகாம் போட்டதும் காட்டுக்குள் இறங்கி மதியம் வரை மரம் வெட்டுவார்கள். முறைபோட்டுச் சாப்பிட்டுவிட்டு மாலை வரை மறுபடி வெட்டுவார்கள். வெட்டிய மரத்தில் முகாமைச் சுற்றி நான்கு வாசல் வைத்து ஒரு மரவேலி. அதற்கு 'கட்கர்' என்று பெயர். சுல்தானின் இருப்பிடத்தைச் சுற்றி உள்ளே இன்னொரு கட்கர். வெளிவேலிக்கு அப்பால் அரை ஆள் உயரத்தில் மேடைகள். இரவில் அங்கே நெருப்பு எரியும். காவலாளிகள் ஒவ்வொருவர் கையிலும் மெல்லிய நாணல் கட்டு ஒன்று தயாராய் இருக்கும். யாராவது நெருங்கும் அரவம் கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டைக் கொளுத்துவார்கள். இரவு பகலாகிவிடும், குதிரைப்படை அந்த வெளிச்சத்தில் பாயும். மறுநாள் அடுத்த காடு.

கேட்கத் திறமையான ஏற்பாடு போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு படை தன் சொந்த ராஜ்யத்துக்குள், தலைநகரிலிருந்து சில நாள் பயணத்தில், இரட்டை வேலிக்குள் நெருப்பு வைத்துக்கொண்டு தூங்குகிறது என்றால் அந்த நாடு அவர்களுடையதாக இருந்ததா? காட்டில் அகப்பட்டவர்களைப் பிடித்து, இரு முனையும் சீவிய கழுமரத்தை அவரவர் தோளிலேயே சுமக்க வைத்து முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். காலையில் நான்கு வாசலிலும் பிரித்துக் கழுவேற்றினார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. இதை எழுதியவர் சுல்தானின் எதிரி அல்ல. அதே மார்க்கத்தவர், தில்லியில் காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தவர், சுல்தானுக்குச் சகலையான இப்னு பதூதா. வேறெந்த அரசரும் செய்யக் கேள்விப்படாத அருவருப்பான செயல் இது, இதனால்தான் இறைவன் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்று அவரே கண்டித்து எழுதியிருக்கிறார். இந்தக் கொடுமையை மூடி மறைப்பதும் தவறு. அதை ஒரு சமூகத்தின் தலையில் ஏற்றுவதும் தவறு. நிர்வாகக் கணக்காகப் பார்த்தாலும் இது தற்கொலை. காட்டோரத்துக் குடியானவனைக் கொன்றுவிட்டு மறு வருஷம் வரி நெல்லை யாரிடம் வாங்குவது?

இரண்டாவது காட்சி கண்ணனூர். கட்டுரையில் இது வராதது பெரிய குறை. இன்றைய சமயபுரம்தான் அன்றைய கண்ணனூர் கொப்பம். ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் அப்போது திருவண்ணாமலையைத் தலைமையிடமாக வைத்திருந்தார், வயது 80. அவர் படை ஒரு லட்சத்துக்கு மேல். அதில் 20,000 பேர் முஸ்லிம்கள். சுல்தான் பக்கம் மொத்தம் 6,000 பேர். அதிலும் பாதிப் பேர்தான் போருக்கு உதவுவார்கள் என்கிறார் இப்னு பதூதா. ஒரு லட்சம் என்பது அக்காலத்தார் வழக்கமாகச் சொல்லும் பெருக்கலாக இருக்கலாம். ஆனால் 6,000 என்ற எண்ணை நம்பலாம். தன் பக்கத்துப் பலவீனத்தை யாரும் கூட்டிச் சொல்வதில்லை.

முதல் மோதலில் சுல்தான் படை தோற்று மதுரைக்கு ஓடியது. வல்லாளர் கண்ணனூர்க் கோட்டையை வளைத்து மாதக்கணக்கில் உட்கார்ந்தார். உள்ளே 14 நாளுக்குத்தான் சாப்பாடு மிச்சம். கோட்டையை ஒப்படைத்தால் உயிரோடு விடுகிறேன் என்றார் வல்லாளர். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்று உள்ளே இருந்தவர்கள் அவகாசம் கேட்டார்கள். 14 நாள் கொடுத்தார். அதுதான் பிசகியது. முற்றுகையில் அவகாசம் கொடுப்பவர் காவலைத் தளர்த்தக் கூடாது. அவர் தளர்த்தினார். கடிதம் மதுரைக்குப் போனது. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னும் வாசிக்கப்பட்டது. செத்தாலும் சரி என்று உறுதி எடுத்தவர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரையின் கழுத்தில் கட்டினார்கள். துணிச்சல்காரர் 300 பேர் முன்னணி. சுல்தான் 3,000 பேரோடு நடுவில். மதியத் தூக்க நேரத்தில் வல்லாளரின் முகாமுக்குள் பாய்ந்தார்கள். குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. யாரோ திருடர்கள் என்று நினைத்து ஒழுங்கில்லாமல் எதிர்க்க வந்தவர்கள் சிதறினார்கள். ஓட முயன்ற முதியவர் வல்லாளர், சுல்தானின் அண்ணன் மகன் நாசிருதீன் கையில் சிக்கினார். விடுவிப்பதாகச் சொல்லி யானை, குதிரை, பொருள் அனைத்தையும் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்று தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். இப்னு பதூதா வந்தபோதும் அது தொங்கிக்கொண்டிருந்தது. வல்லாளர் இறந்தது 1342.

இது சுல்தானகத்தின் மிகப் பெரிய வெற்றி. என் கணிப்பில் அதன் வீழ்ச்சி தொடங்கியதும் இங்கேதான். வல்லாளர் இருந்தவரை வடக்கே அவர் ஒரு தடுப்புச் சுவர். தில்லிக்கும் தெலுங்கு நாட்டுக்கும் மதுரைக்கும் மாறி மாறிப் பதில் சொல்லிக் களைத்துப்போன வயோதிகர். அவருக்குப் பின் வந்த மகன் நான்கு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1346-க்குள் ஹொய்சள நாடு முழுவதும் ஹரிஹரர், புக்கர் சகோதரர்களின் விஜயநகரத்துக்குள் போய்விட்டது. தளர்ந்த பகைவனை அழித்து, இளம் பகைவனைப் பக்கத்தில் குடிவைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1347-ல், தக்காணத்தில் பாமினி அரசு தனியாகப் பிரிந்தது. தில்லிக்கும் மதுரைக்கும் நடுவே இப்போது இரண்டு அரசுகள். வடக்கிலிருந்து புதிய ஆள் வந்து சேரும் பாதை அடைபட்டது. 6,000 பேரோடு தொடங்கிய படைக்கு இது உயிர்நாடி.

குதிரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மண்ணில் போர்க்குதிரை பிறக்காது; கடல்வழியேதான் வர வேண்டும். பாண்டியர் காலக் கணக்கைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார்: பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவு அதிபதி ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்புவார். கதீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய இடங்களிலிருந்து வருவதையும் சேர்த்தால் 10,000. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். ஆண்டுக்கு மொத்தம் 22 லட்சம் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்! இந்தப் பணத்தின் பெரும்பகுதி கோயில் சொத்துகளின் வருமானத்திலிருந்து வந்தது என்றும் அவர் சொல்கிறார். வந்த குதிரையும் நிலைக்காது. வாங்கிய 2,000-த்தில் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாது என்கிறார் மார்கோ போலோ. லாடம் அடிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. விற்கும் வணிகர் அத்தகைய ஆளை வரவும் விடுவதில்லை. வறுத்த தானியம், வெண்ணெய், காய்ச்சிய பால் என்று ஊட்டிக் கெடுத்தார்கள் என்பது வஸ்ஸாஃபின் வருத்தம். இவ்வளவு செலவையும் தாங்கியது பாண்டியரின் விரிந்த நிலவருவாயும் கோயில் வருவாயும். சுல்தான்களிடம் இரண்டுமே இல்லை. கோயிலைச் சிதைத்தவர்கள் குதிரைக்குப் பணம் வந்த ஊற்றையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள்.

கண்ணனூர் வெற்றிக்குப் பின் நடந்தவை வேகமானவை. மதுரையில் கொள்ளைநோய். படுத்தவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மிஞ்சினால் நான்காம் நாளோ போய்விடுவார். சுல்தானின் தாய், மனைவி, ஒரே மகன் மூவரும் அதில் இறந்தார்கள். என்ன நோய் என்று எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. கட்டுரையில் 'பிளேக்' என்று உறுதியாக எழுதியிருப்பதை நீக்கிக் 'கொள்ளைநோய்' என்று மட்டும் வைப்பதே நேர்மை. கியாசுதீனும் விரைவில் இறந்தார். யோகி ஒருவர் இரும்புத்தூள் கலந்து கொடுத்த வீரிய மாத்திரையை அளவுக்கு மீறிச் சாப்பிட்டதுதான் காரணம் என்பது இப்னு பதூதா கேட்ட செய்தி. அவருக்குப் பின் நாசிருதீன். சுல்தான் மகளின் கணவனைக் கொன்று அவளைத் தானே மணந்தார். பத்தாண்டுக்குள் ஐந்து சுல்தான்கள். அண்ணன் தம்பியென்று வரிசையாக வந்த ஒரு வம்சமே கிடையாது. ஒவ்வொருவரும் முந்தியவரின் மகளையோ சொந்தத்தையோ கட்டி உரிமை தேடினார்கள்.

இதற்குப் பிந்திய கதையைச் சொல்லக் கண்ணால் கண்ட சாட்சி இல்லை. சாட்சி சொல்பவை சின்னச் சின்னச் செப்புக்காசுகள். உள்ளங்கையில் வைத்தால் சிறுவிரல் நக அளவுக்குச் சற்று மேல் இருக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் அரபு எழுத்து. உருவம் எதுவும் இராது. தேய்ந்த காசில் முதலில் போவது விளிம்பு, விளிம்போடு ஆண்டு எண்ணும் போய்விடும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மிச்ச எழுத்தும் போகும். பழங்காசு கையில் கிடைப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இந்தக் காசுகள்தான் ஆதில் ஷா, ஃபக்ருதீன் முபாரக் ஷா, அலாவுதீன் சிக்கந்தர் ஷா என்று கடைசி மூன்று பெயர்களையும் நமக்குத் தருகின்றன.

சிக்கந்தர் ஷாவின் காசு ஹிஜ்ரி 779 வரை வருகிறது. மேலே சொன்ன கணக்கில் போட்டால் 1377 மே முதல் 1378 ஏப்ரல் வரை. கம்பணனோ 1374-ல் காலமாகிவிட்டார். அப்படியிருக்க, 1371-ல் கம்பணன் கொன்றது சிக்கந்தர் ஷாவை என்று எப்படி எழுதுவது? கம்பணன் ஒரு சுல்தானைத் தனிப்போரில் வீழ்த்தினார் என்று அவர் மனைவி கங்காதேவி வடமொழியில் பாடிய மதுரா விஜயம் சொல்கிறது. அந்தக் காவியத்தின் சுவடி 1916-ல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. அப்படி ஒருவர் வீழ்த்தப்பட்டிருந்தால் அவர் சிக்கந்தருக்கு முந்தியவராகத்தான் இருக்க முடியும். கணவரின் வெற்றியைப் பாடும் காவியத்தைக் கல்வெட்டு போலவும், கல்வெட்டைக் காவியம் போலவும் வாசிப்பதுதான் இந்தக் குழப்பத்துக்கு வேர்.

1371 என்ற ஆண்டு பொய்யானதல்ல. கம்பணனின் அதிகாரி கோபண்ணர் நம்பெருமாளைத் திரும்ப ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளச் செய்த ஆண்டு அது; சக ஆண்டு 1293 (78-ஐக் கூட்டினால் 1371) என்று ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டே சொல்கிறது. 1323-லிருந்து 1371 வரை எண்ணினால் 48 வரும். மதுரைக் கோயில் மரபு "48 ஆண்டு" என்று சொல்வது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. வழிபாடு தடைப்பட்ட காலத்துக்கு அது சரியான எண்ணாக இருக்கலாம். சுல்தானகத்தின் வயது வேறு: 1334-35 முதல் 1377-78 வரை, ஏறக்குறைய 43 ஆண்டு. 60 ஆண்டு என்பது எந்தக் கணக்கிலும் வராது. 1311-ஐ 1371-லிருந்து கழித்தால் மட்டும்தான் வரும்.

கம்பணன் வந்ததும் ஒரே போரில் முடிந்த கதை அல்ல. கன்னட நாட்டு முள்பாகலிலிருந்து இறங்கி, முதலில் படைவீட்டுச் சம்புவராயரை 1360-களின் தொடக்கத்தில் பணியவைத்தார். காஞ்சியில் தங்கித் தொண்டைமண்டலத்தைச் சீராக்கினார். அதற்குப் பிறகே மதுரைப் பக்கம் திரும்பினார். பின்னால் நிலத்தையும் சோற்றையும் உறுதிப்படுத்திக்கொண்டு முன்னால் நகர்ந்தவர் அவர். சுல்தான்கள் ஒருபோதும் செய்யாத காரியம் இது. நெருக்கடி முற்றியதும் மாபாரிலிருந்து தூதர்கள் தில்லிக்கு ஓடி ஃபிரோஸ் ஷா துக்ளக்கிடம் உதவி கேட்டார்கள். முன்பு என் ஆணையை மதிக்காமல் உங்களுக்குள் ஒருவரை அரசராக்கிக்கொண்டீர்களே என்று சொல்லி அவர் கைவிரித்துவிட்டார். ஃபிரோஸ் ஷாவின் வரலாற்றை எழுதிய அஃபீஃப் இதைச் சொல்லியிருக்கிறார். 40 ஆண்டுக்கு முன் பிய்த்துக்கொண்டு போன மாகாணத்துக்கு அது தில்லி தந்த விடை.

"தமிழகம் முழுவதையும்" என்பதும் திருத்தப்பட வேண்டும். வடக்கே தொண்டைமண்டலத்தில் சம்புவராயர் தம் பெயரிலேயே ஆண்டார்கள். தெற்கே திருநெல்வேலிச் சீமையில் பாண்டியர் கல்வெட்டுகள் அறுபடாமல் தொடர்கின்றன. சுல்தான்களின் கைக்குள் உறுதியாக இருந்தவை மதுரை, கண்ணனூர் போன்ற கோட்டைகளும் அவற்றை இணைக்கும் பாதைகளும் கடற்கரைத் துறைகள் சிலவும். புதுக்கோட்டைப் பக்கம் இராங்கியத்தில் "முகமதி சுரத்தான்" என்று தில்லி சுல்தான் பெயரைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சுல்தான் என்ற சொல் நம் கல்தச்சர் உளியில் சுரத்தான் ஆகியிருக்கிறது. அதே சொல்லை வடமொழியாக்கி "ஹிந்துராய சுரத்ராண" என்று விஜயநகர அரசர்களே பட்டமாகச் சூடிக்கொண்டார்கள்.

கடைசியாக, இஸ்லாம் இங்கே வந்த காலம். 1292 வாக்கில் மார்கோ போலோ வந்திறங்கிய காயலில் அரபு வணிகர்கள் ஏற்கெனவே தழைத்திருந்தார்கள். மேலே சொன்ன கீஷ் அதிபதியின் சகோதரர் தகியுதீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவே இருந்தார். மாலிக் காபூர் வருவதற்கு முன்பே. காபூரின் படையை எதிர்த்து நின்றவர்களில் பாண்டியர் பக்கத்து முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள் என்று அமீர் குஸ்ரோவே எழுதுகிறார். கண்ணனூரில் வல்லாளர் படையில் இருந்த 20,000 பேரை ஏற்கெனவே பார்த்தோம். இன்னும் பின்னால் போனால், 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயரும் அரபு எழுத்தில் கையொப்பங்களும் இருக்கின்றன. கடற்கரையில் கப்பலோடும் குதிரையோடும் வந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, தமிழ் பேசிய சமூகம் வேறு. தில்லியிலிருந்து வந்து 43 ஆண்டில் மறைந்த படைத்தலைவர்கள் வேறு. கல்வெட்டில் வரும் 'துலுக்கர்' என்பது துருக்கர் என்ற சொல். அது அந்தப் படையைக் குறித்தது, காயல்பட்டினத்துச் சோனகர் என்ற தமிழ் முஸ்லிம்களை அல்ல. தங்கள் கட்டுரையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அந்தப் பத்திதான்.

இணையப் பதிப்பில் கீழ்க்கண்டவாறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 'நிறுவியவர் மாலிக் காபூர், 1311' என்பதை 'ஜலாலுதீன் அஹ்சன் ஷா, 1334-35' என்று மாற்றலாம். '60 ஆண்டு' என்பதை 'ஏறக்குறைய 43 ஆண்டு' என்றும், முடிவை '1377-78' என்றும் போடலாம். சிக்கந்தர் ஷா கம்பணன் கையால் இறந்தார் என்ற வரியையும் இஸ்லாம் அப்போதுதான் வந்தது என்ற வரியையும் நீக்கிவிடலாம். கட்டுரையோடு அச்சிட்ட வரைபடத்தில் திருநெல்வேலியும் காஞ்சிபுரமும் சுல்தானகத்தைக் காட்டும் பச்சை வண்ணத்துக்குள் வந்திருக்கின்றன. அவற்றை வெளியே விட்டு வரைய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகர் ஒருவர்,
மதுரை.